லட்டு சாப்பிடவில்லை

டிக்.

கேட்டதா சார்? பல்லி இல்லை. பல்லி சொன்னால் விடாமல் நாலு தடவை சொல்லும். இது ஒரே ஒரு டிக். லட்டுவின் பெட்டியில் இருக்கிற ஹீட்டர் அது. சூடு ஏறினால் தானாக அணையும், இறங்கினால் தானாக எரியும். ஒவ்வொரு தடவையும் ஒரு டிக். மூன்று மாதமாக இந்த வீட்டில் என்னோடு பேசுகிற ஒரே ஆள் அதுதான்.

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் வாடகைக்கு வந்தது, எப்போது வேண்டுமானாலும் கழன்றுபோகும். இந்த ஸ்டூலில் உட்காருங்கள். பாம்பை ஒரு எட்டு பார்த்துவிட்டீர்கள், என் மகள் ஒட்டியிருக்கிற காகிதத்தையும் நின்று நிதானமாகப் படித்துவிட்டீர்கள். அப்புறம் என்ன அவசரம்? மாட்டுத்தாவணியில் திருச்சி பஸ் பத்து நிமிஷத்துக்கு ஒன்று. ஏழு மணிக்குப் போனாலும் கிடைக்கும், ஒன்பது மணிக்குப் போனாலும் கிடைக்கும். காபியைக் குடியுங்கள். நான் இந்தச் சின்ன வெங்காயத்தை உரித்துக்கொண்டே பேசுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாளைக்கு அழகர்கோயில் ரோட்டில் ஒரு காதுகுத்து, நானூறு இலை. உரிக்க ஆள் வரும். ஆனால் தாளிக்கிற வெங்காயத்தை மட்டும் நானே உரிப்பேன். அது ஒரு பைத்தியம்.

செல்லூரில் வீரபாகு மாஸ்டர் வீடு என்று கேட்டால் எந்த ஆட்டோக்காரரும் நேரே இங்கே கொண்டுவந்து இறக்குவார். நீங்கள் 'பாம்பு வீடு' என்று கேட்டீர்களாம். அதற்கும் நேரே இங்கேதான் இறக்கியிருக்கிறார். முப்பது வருஷம் ஆக்கிப் போட்டுச் சம்பாதித்த பெயர், மூன்று மாதத்தில் போயே போயிற்று.

பெயர் போனதுகூடப் பரவாயில்லை சார். இது சாப்பிடமாட்டேன் என்கிறதே, அதுதான். என் கைப் பக்குவத்தை வேண்டாம் என்று சொன்ன ஜீவன் இதுவரைக்கும் கிடையாது. மேலூர்ப் பக்கம் ஒரு கிடாவெட்டில் பங்காளிகளுக்குள் அடிதடி. இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய் தையல் போட்டுக்கொண்டு, தலையில் கட்டோடு திரும்பி வந்து, எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்து, 'மாஸ்டர், சுக்கா இருக்கா?' என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் கை இது. இந்தக் கையால் நீட்டினால், ஒன்றரைக் கிலோகூட இல்லாத ஒரு பாம்பு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. எப்படி இருக்கும் எனக்கு?

எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நீங்கள் தாராளமாகக் கொண்டுபோகலாம். சும்மா சொல்கிறேன்.

அது என்னுடையதே இல்லை. என் மகள் அங்கயற்கண்ணி வளர்த்தது. கயல் என்றால்தான் உங்களுக்குத் தெரியும். உங்கள் பாம்பு குரூப்பில் அந்தப் பெயரில்தானே இருக்கிறாள். அவள் அம்மா தவறின அடுத்த வருஷம், ஒரு நாள் நான் மத்தியானத் தூக்கத்தில் இருக்கும்போது, கையில் ஒரு டப்பாவோடு வந்து நின்றாள். "பால் பைத்தான்ப்பா. ஆப்பிரிக்கா இனம். விஷம் கிடையாது. பதிஞ்ச பேப்பரெல்லாம் இருக்கு, கத்தாதீங்க" என்றாள். நான் கத்தவில்லை. கட்டில் மேல் ஏறி நின்றேன், அவ்வளவுதான். பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்து மாதிரி உருண்டையாகச் சுருட்டிக்கொள்ளும், அதனால்தான் 'பால்' என்று காட்டினாள். பழுப்பும் மஞ்சளுமாக, கிஸ்மிஸ் கொஞ்சம் கூடுதலாக விழுந்த லட்டு மாதிரி இருந்தது. "லட்டுதான் போ" என்றேன். அதுவே பெயராகிவிட்டது. பெயர் வைத்தது நான்தான் என்பதை அவள் இப்போது ஒத்துக்கொள்ளமாட்டாள்.

அப்போதெல்லாம் ராத்திரி முழுக்க எனக்கு அடுப்படி, பகல் முழுக்கத் தூக்கம். பிள்ளை காலேஜ் விட்டு வந்து யாரோடு பேசுவாள்? பாம்போடு பேசினாள். பாம்புக்குக் காது கிடையாது என்கிறார்கள். எனக்கு இரண்டு இருந்தது.

சரி, அது கிடக்கட்டும். கார்த்திகையில் கல்யாணம் முடிந்து பெங்களூர் போனாள். மாப்பிள்ளை தங்கமானவர். பாம்பு என்றால் மட்டும் ஆகாது. போட்டோவைக் காட்டினாலே காலைத் தூக்கி சோபாவில் வைத்துக்கொள்வார். அதனால் லட்டு இங்கே தங்கினான். போகும்போது கயல் அந்தக் காகிதத்தை எழுதி ஒட்டினாள். சாப்பாடு உறைய வைத்த எலி, அது பிரீசரில், அவனுக்கென்று தனிக் குட்டி பிரிட்ஜ். கவரோடு கீழ்த்தட்டில் வைத்துக் கரைய விடணும். வெந்நீரில் சூடு பண்ணணும். இடுக்கியில் பிடித்துக் காட்டணும். பத்து நாளைக்கு ஒன்று. சாப்பிட்டு முடித்தால் இரண்டு நாள் அவனைத் தொடக்கூடாது, தூக்கக்கூடாது, கக்கிவிடுவான். இந்தக் கடைசி விதிக்கு வேலையே வரவில்லை சார். சாப்பிட்டால்தானே.

அவள் இருந்தவரைக்கும் நன்றாகத் தின்றவன்தான். என் கைக்கு மாறியதும் நிறுத்தினான். அன்றைக்கு நிறுத்தினவன், மாசி முடியப் போகிறது, பதின்மூன்று வாரம்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வீடியோவில் வருவாள். முதல் ஞாயிறு, "சாப்ட்டாச்சாப்பா?" என்றாள்.

"ஆச்சும்மா. ரசமும் அப்பளமும்."

"உங்கள கேக்கலப்பா. லட்டு."

அதிலிருந்து எனக்குப் பழகிவிட்டது. போனை எடுத்ததும் முதலில் பெட்டிப் பக்கம் திருப்பிவிடுவேன். அவள் அவனைப் பார்ப்பாள். நான் போனுக்குப் பின்னால் நின்று, தட்டில் என்ன வைத்தேன், எப்படித் திரும்பிக்கொண்டான், எல்லாம் சொல்லுவேன். முன்பெல்லாம் நாங்கள் இரண்டு நிமிஷம் சேர்ந்தாற்போல் பேசியதில்லை. இப்போது முக்கால் மணி நேரம்! எல்லாம் பாம்பைப் பற்றித்தான், இருந்தாலும் முக்கால் மணி நேரம். ஆமாம், நல்லவேளை ஞாபகம் வந்தது. உங்கள் நம்பரை அவளிடம் கொடுத்துவிடுங்கள். இனிமேல் ஞாயிறு நாலு மணிக்கு உங்களுக்குத்தான் அடிப்பாள். அந்த நேரத்தில் வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டாவது ரிங்கில் எடுத்துவிடணும், இல்லையென்றால் வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பாள்.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு மார்கழியில் வேலை கிடையாது, முகூர்த்தமே இல்லை. முப்பது நாளும் பெட்டிக்கு முன்னால்தான். முதலில் எனக்குத் தோன்றியது, இடம் போதவில்லை. மண்டபம் விசாலமாக இருந்தால்தான் சாப்பாடு இறங்கும் என்று கண்ணாடி வேலை செய்கிற கணபதியிடம் சொல்லி, நாலடிக்கு இரண்டடியில் ஒரு பெட்டி அடித்தேன். உள்ளே ஒளிய ஒரு மறைப்பு இல்லை, மேலே டியூப்லைட். லட்டு ஒரு மூலையில் போய்ச் சுருண்டான், நாலு நாள் அசையவில்லை. கயல் வீடியோவில் பார்த்துவிட்டுக் கத்தினாள். "இது என்னப்பா கல்யாண மண்டபமா? அவன் பயந்து போயிருக்கான். பழைய பெட்டியில வைங்க. ஒளியறதுக்கு இடம் குடுங்க." மறுபடி பழைய பெட்டி. ஒரு மண்சட்டியில் வாசல் மாதிரி உடைத்துக் கவிழ்த்துப் போட்டேன். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான். சரி, வீடு பிடித்துவிட்டது, இனிச் சாப்பிடுவான் என்று பார்த்தால், இல்லை.

அப்புறம் மெனுவை மாற்றிப் பார்த்தேன். காடை முட்டை வைத்தேன். கோழி ஈரல் வைத்தேன். எதிர்வீட்டு பாக்கியத்தம்மாள் செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை ஒரு கிண்ணத்தில் பால் கொண்டுவந்து, பெட்டிக்கு முன்னால் வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். "மாஸ்டரே, சாமி கோவமா இருக்கு, நீங்க எதுவும் பாக்கி வச்சிருக்கீங்களா?" என்பார். அந்தப் பாலைப் பூனை குடித்துக் குடித்துப் பூனை மட்டும் நன்றாக இருக்கிறது. வாயுவாக இருக்குமோ, இரண்டு சொட்டு ஓமத் திரவம் கொடுக்கலாமா என்று கயலிடம் கேட்டேன். போனை வைத்துவிட்டாள்.

தை மாதம் ஒருநாள் கண் இரண்டும் பால் விழுந்தாற்போல் வெளுத்துவிட்டது. பசியில் கண் போய்விட்டது என்று நினைத்தேன். ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டேன். "அப்பா, தோல் உரிக்கப் போறான். அப்ப எப்பவும் சாப்பிட மாட்டான். ஆட்டோவ அனுப்பிருங்க" என்றாள். உரித்தான். முழுசாக, ஒரே துண்டாக, சாக்ஸைக் கழற்றிப் போட்ட மாதிரி. அதை எடுத்து வைத்திருக்கிறேன். உங்களுக்கு வேண்டுமா? வேண்டாம் என்றால் பரவாயில்லை, இங்கேயே இருக்கட்டும்.

தினமும் எடை போடுவேன். மசாலா நிறுக்கிற தராசு, சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான். ஆயிரத்து நானூற்று இருபது கிராம் இருந்தவன், இன்றைக்குக் காலையில் ஆயிரத்து முந்நூற்றுப் பத்து. தினமுமா என்று கேட்கிறீர்களா? ஆமாம், காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. ஏன் சார் அப்படிப் பார்க்கிறீர்கள்? தினமும் தூக்கினால்தானே பழகுவான். சாப்பாடு காட்டுகிற அன்றைக்கும் நான் விட்டுவிட்டுப் போகமாட்டேன். பந்தி விசாரிக்காமல் இருக்க முடியுமா? பக்கத்திலேயே நின்று, 'என்ன லட்டு, என்ன குறை, சூடு பத்தலையா, எடுத்துக்கோப்பா' என்று ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டே இருப்பேன். நாக்கை நீட்டி நீட்டி எலியைத் தடவிப் பார்ப்பான். பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொள்வான். அந்த இழுப்பு இருக்கிறதே, மாப்பிள்ளை வீட்டுக்காரர் பாயசத்தை ஒரு வாய் வைத்துவிட்டு இலையை மூடுவாரே, அதே இழுப்பு.

போன ஞாயிறு கயல் எடையைக் கேட்டாள். அப்புறம், "அப்பா, உங்களால முடியலப்பா. உங்க மேல தப்பு இல்ல. திருச்சியில தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கார், நாலு பாம்பு வச்சிருக்கார், அவர்கிட்ட குடுத்துருவோம். அவன் செத்துப்போனா என்னால தாங்க முடியாது" என்றாள். நானும் "சரிம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல? 'நானும்தான் தாங்கமாட்டேன்' என்று ஒரு பாம்புக்காக ஒரு மாஸ்டர் சொல்ல முடியுமா?

ஒரு குறை வைக்கவில்லை சார். அதுதான் எனக்கு ஆறவில்லை. அந்த எலியை நான் செய்கிற பக்குவத்துக்கு, மனுஷனே கூச்சப்படாமல் சாப்பிடலாம். கவரைப் பிரித்ததும் முதலில் கல்லுப்பும் மஞ்சள்தூளும் போட்டு நன்றாகத் தேய்ப்பேன். தலை, வயிறு, வால் இடுக்கு, ஒரு இடம் விடமாட்டேன். மூன்று தண்ணீர் அலசுவேன். மூன்றாவது தண்ணீரில் அரை மூடி எலுமிச்சம்பழம். அப்புறம்தான் கயல் சொன்ன வெந்நீர். ஒரு பொட்டு கவுச்சி இருக்காது. மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாலும் எலி என்று சொல்லமாட்டீர்கள்.

ஏன் சார் டம்ளரைக் கீழே வைத்துவிட்டீர்கள்? காபி ஆறிவிட்டதா?

ஆமாம், மஞ்சள்தான். விரலி மஞ்சள், மில்லில் கொடுத்து அரைத்தது. ஆமாம், ஒவ்வொரு தடவையும். கழுவாமல் ஒரு ஜீவனுக்குக் கறி போடுவார்களா? என்ன கேட்கிறீர்கள் நீங்கள்?

இல்லை, கயலிடம் சொல்லவில்லை. இதை எதற்குச் சொல்லணும்? அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத்தான் சமைத்தேன் என்று யாராவது சொல்வார்களா?

சிரிக்காமல் சொல்லுங்கள் சார். இன்னொரு தடவை சொல்லுங்கள்.

அவனுக்கும் எலி என்று தெரியாதா.

கவுச்சிதான் அவனுக்கு வழியா. நாக்கை நீட்டி நீட்டி அதைத்தான் தேடினானா. நான் பக்கத்தில் நின்று 'என்ன குறை, என்ன குறை' என்று கேட்டேன். அவன் ஒவ்வொரு தடவையும் குறையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

பதின்மூன்று வாரம் சார். மஞ்சள் துண்டு ஒன்றைக் காட்டிக் காட்டி, தின்னு தின்னு என்று...

இந்த வெங்காயம் கண்ணைக் கரிக்கிறது. இருங்கள், முகத்தைக் கழுவிவிட்டு வருகிறேன்.

என்ன கேட்டீர்கள், வேறு எலி இருக்கிறதா? இருக்கிறது. நேற்று ராத்திரியே பிரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு இறக்கி வைத்தேன். உங்களோடு அனுப்பத்தான். ஊருக்குப் போகிற ஆளைக் கட்டுச்சோறு இல்லாமல் அனுப்புகிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. கவர் இன்னும் பிரிக்கவில்லை. நல்லவேளை, நீங்கள் கிளம்புகிற நேரத்தில் கழுவிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருந்தேன்.

கவரோடேயே வெந்நீரிலா? தண்ணீர் உள்ளே போகாமலா? சரி. நீங்களே செய்யுங்கள். நான் இந்தக் கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் வரவில்லை. பாருங்கள், நகக்கண்ணில்கூட மஞ்சள். சோப்பு போட்டாலும் போகாது, முப்பது வருஷத்து மஞ்சள்.

ஐயோ, நாறுகிறது சார். இதையா நீட்டப் போகிறீர்கள்? ஒரே ஒரு தண்ணீர் அலசிவிட்டு... சரி, சரி. பேசவில்லை.

சன்னலைச் சாத்திவிட்டேன். டியூப்லைட்டை அணைத்துவிட்டேன். என்ன, சட்டி வாசலில் வைத்துவிட்டு நாம் வெளியே வந்துவிடுவதா? இரண்டு பேருமா? பரிமாறிவிட்டுப் பந்தியை விட்டு வெளியே போகிறவனை எங்கள் தொழிலில் அடிப்பார்கள். நீங்கள் சொல்கிறீர்கள் என்று வருகிறேன். கதவையும் சாத்தணுமா? விரற்கடை அளவு திறந்து... சரி. சாத்திவிட்டேன்.

எவ்வளவு நேரம் ஆகும்? தெரியாதா?

உங்கள் வீட்டில் நாலும் ஒழுங்காகச் சாப்பிடுமா? ஒன்று போன குளிரில் ஐந்து மாதம் சாப்பிடவில்லையா! ஐந்து மாதம் நீங்கள் என்ன செய்தீர்கள்? ஒன்றும் செய்யவில்லையா? சும்மா இருந்தீர்களா? மாதத்துக்கு இரண்டு தடவை வைத்துவிட்டு, தின்னாவிட்டால் எடுத்துவிட்டு, பேசாமல் இருந்தீர்களா? சார், உங்களுக்கு நெஞ்சு கல்லா, இல்லை... என்னால் ஆகாது. என் வீட்டுக்காரி கடைசி நாளில் சாப்பிடாமல் படுத்திருந்தபோதும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கஞ்சி, இடியாப்பம், ஆட்டுக்கால் சூப்பு, ஒன்று மாற்றி ஒன்று கொண்டுபோய் நின்றுகொண்டே இருந்தேன். "சும்மா பக்கத்துல உக்காருங்களேன்" என்றாள் ஒரு தடவை. அடுப்பில் பால் வைத்திருந்தேன், போய்விட்டேன்.

டிக். ஹீட்டர்.

இல்லை. ஷ்ஷ். அது ஹீட்டர் இல்லை.

டப் என்று கேட்டதே! சட்டி நகருகிறது. கேட்கிறதா? திறக்கலாமா? கொஞ்சம் பொறுக்கணுமா? நான் பொறுத்துவிட்டேன் சார், பதின்மூன்று வாரம் பொறுத்துவிட்டேன். ஒரு கண் மட்டும் வைத்துப் பார்க்கிறேன், மூச்சு விடமாட்டேன்.

பிடித்திருக்கிறான். மூன்று சுற்று சுற்றியிருக்கிறான். ஏற்கெனவே செத்த எலியை எதற்கு இந்த நெருக்கு நெருக்குகிறான், மடப்பயல். இப்போது தலையைத் தேடுகிறான். ஆங். தலையிலிருந்துதான் ஆரம்பிப்பானா. வாயைப் பாருங்கள், எவ்வளவு பெரிய வாய்! இந்த வாயை இத்தனை நாள் என்னிடம் காட்டவே இல்லையே. கால் போயிற்று. வயிறு போயிற்று. வால் மட்டும் வெளியே தொங்குகிறது, சேமியா பாயசம் குடிக்கிறவன் மாதிரி. போயிற்று. கொட்டாவி விடுகிறான் சார்!

சாத்திவிட்டேன். சாத்திவிட்டேன். ஒன்றும் கேட்கவில்லை அவனிடம். 'போதுமா' என்றுகூடக் கேட்கவில்லை. எப்படி அடக்கிக்கொண்டேன் என்று எனக்குத்தான் தெரியும்.

உட்காருங்கள். இன்னொரு காபி போடுகிறேன். உங்கள் கையைப் பிடித்து... வேண்டாம், மஞ்சள்.

சார். ஒரு நிமிஷம். அடடா. அந்தக் காகிதம், கடைசி விதி. சாப்பிட்டால் இரண்டு நாள் தூக்கக்கூடாதே! இப்போது எப்படி அவனை டப்பாவில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போவீர்கள்? கக்கிவிடுவானே. நாலு பாம்பு வளர்க்கிறவர், இது உங்களுக்குத் தோன்றவில்லையா? வந்ததும் அந்தக் காகிதத்தை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தீர்களே! ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு நிதானமாக வைத்திருக்கலாமே. அவசரத்தில் மறந்துவிட்டீர்கள். பாவம், திருச்சியிலிருந்து அலைச்சல். வெறும் டப்பாவோடு போகணும். எனக்குத்தான் சங்கடமாக இருக்கிறது. சிரிக்கிறீர்களே, உங்களுக்கு நல்ல மனசு.

இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை வருவீர்களா? வரமாட்டீர்களா? 'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம்? சரி, வேலை இருக்கும். வரமுடியாவிட்டால் ஒன்றும் நினைக்கமாட்டேன். இனிமேல் எனக்குத்தான் பக்குவம் தெரிந்துவிட்டதே. பத்து நாளைக்கு ஒரு எலி, கவுச்சியோடு. எடை மாதத்துக்கு ஒரு தடவை போதும் என்கிறீர்கள். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வைத்துக்கொள்கிறேன், அதற்கு மேல் என்னால் இறங்க முடியாது. வைத்துவிட்டு வெளியே வந்துவிடணும். இங்கே உட்கார்ந்து வெங்காயம் உரிக்கலாம், அதற்கென்ன.

ஒரே ஒரு உதவி. உங்கள் குரூப்பில் இதை இன்றைக்குப் போட்டுவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லிக்கொள்கிறேன். 'சாப்ட்டாச்சாப்பா?' என்பாள். 'சாப்பிட்டான்' என்று ஒரு வார்த்தையில் சொன்னால் 'சூப்பர்ப்பா' என்று வைத்துவிடுவாள். அதனால் முதலில் மஞ்சளிலிருந்து ஆரம்பிக்கணும். உப்பு, மூன்று தண்ணீர், எலுமிச்சம்பழம். அந்த இடத்திலேயே சிரிக்க ஆரம்பித்துவிடுவாள், எனக்குத் தெரியும். அவள் அம்மா மாதிரி சத்தம் வராமல் சிரிப்பாள், வீடியோவில் பார்த்தால் லைன் நின்றுபோன மாதிரி இருக்கும். மாப்பிள்ளைகூட வந்து எட்டிப் பார்க்கலாம், சோபாவில் காலை வைத்துக்கொண்டு. இதுவே அரை மணி நேரம் வரும். அப்புறம் அடுத்த வாரத்துக்கு என்ன என்று கேட்கிறீர்களா? அவளுக்குச் சுக்கா வைக்கத் தெரியாது. கேட்டால் சொல்லிக்கொடுக்கலாம். கேட்கமாட்டாள். நானாகவும் சொல்லலாம், தப்பில்லை.

கிளம்புகிறீர்களா? டப்பாவை மறந்துவிடாதீர்கள். கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போங்கள் சார், உள்ளே ஆள் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறான்.

நான் எழுந்து வரவில்லை, மன்னிக்கணும். இன்னும் இரண்டு கிலோ கிடக்கிறது. தாளிக்கிற வெங்காயம், நானே உரித்தால்தான் எனக்கு ஆகும்.